ஆறாத சீட்

அபிராமபுரத்தில் ரேவதி மேடம் வீட்டு வாசலில் வழக்கம்போல் ஹாரன் அடித்தேன். வெளியே வந்தது அவருடைய தம்பி. "இனிமே வரவேண்டாம் நாகு. அக்கா விடியக்கார்த்தால போயிட்டா" என்றார். மாரடைப்பு. ஆட்டோவை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். அன்று திங்கட்கிழமை. அன்று காலைதான் அவர் ஆராய்ந்துவந்த ஒரு மெஷினை மறுபடி சோதிக்க அந்த மெஷின் கம்பெனிக்காரர்கள் அவருக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

அடையாறு ஆபீசில் அவரோடு வேலை செய்த உங்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது, மகள் எழுதுகிறாள்.

மேடம் ஏறுவதற்கு முன் சீட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்: "இன்னா மேடம், டெய்லி தடவிக்கினே கீறீங்க? மூட்டைப்பூச்சில்லாம் இல்ல, தைரியமா குந்துங்க."

சிரித்தார். "இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். இப்பதான் இறங்கியிருக்கா, சரியா?"

சரிதான். மந்தைவெளியில் ஒரு புருஷனையும் பெண்டாட்டியையும் இறக்கிவிட்டு வந்திருந்தேன்.

"இதான் என் வேலை நாகு" என்றார். குவாண்டம் கம்ப்யூட்டரில் ஒருவர் கணக்கு முடிந்ததும் அடுத்தவர் கணக்கு ஓடுமாம். நடுவில் துடைத்தாலும் முந்தினவரின் சூடு போல ஏதோ தங்கிவிடுகிறதாம். மேலே எழுதும் புரோகிராமுக்குக் காவல் உண்டு. அடியில், உள்ளே இருக்கிற சிப்பையே தட்டி வேலை வாங்கும் சிக்னல் துடிப்புகளை எழுதுகிறவனுக்குக் காவல் இல்லை. அவன் கைவைத்துப் பார்த்தால் முந்தினவர் ரகசியம் போச்சு.

தேனாம்பேட்டை சிக்னலில் ஒருமுறை போனில் மெஷின்காரர்களிடம் குரலை உயர்த்தினார். "மிச்சச் சூடுன்னு தள்ளாதீங்கோ சார்! அதை வச்சே முந்தின கணக்கு என்னன்னு சொல்லிட்டேனே!"

"பேப்பர்ல போட்டுக் கிழிச்சிடுங்க மேடம்" என்றேன்.

"ஓட்டையை அவா அடைக்கறதுக்கு முன்னாடி ஊரைக் கூட்டினா திருடனுக்கு நாமளே வழி காட்டின மாதிரி ஆயிடும். நீங்களும் வாயைத் தொறக்காதீங்கோ."

பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னாலிருந்து பஸ்காரன், "யோவ் பெர்சு, சிக்னல் இன்னா உன் மாமனார் வூட்டு திண்ணைன்னு நெனச்சியா?" என்று கத்தினான். மேடம் சிரிக்கவில்லை.

எந்த மெஷின் என்று இப்போதும் சொல்லமாட்டேன். உங்களுக்குத் தெரியும். கடைசியாக இறங்கும்போது, "ஓட்டையை அடைச்சுட்டதா சொல்றா. திங்கக்கிழமை கை வச்சுப் பாத்துடறேன். ஜில்லுன்னு இருந்தா நிம்மதி" என்றார்.

அவருக்குக் கொடுத்த அந்த நேரத்தில் அவருக்குப் பதிலாக உங்களில் யாராவது மெஷினைச் சோதித்துப் பார்த்தீர்களா? சாவுக்கு மாலை போட வந்த உங்கள் ஆபீஸ்காரர் ஒருவரிடம் கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பெரியவரே" என்றார்.

இப்போது சவாரி இறங்கியதும் திரும்பி சீட்டில் கை வைக்கிறேன். துடைக்கிறேன். மறுபடி வைக்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது இந்தப் பயம்தான். அந்த மெஷின் ஜில்லென்று இருக்கிறது என்று உங்களில் ஒருவர் வந்து சொல்லுங்கள். அதுவரை இது ஆறாது.