சிவப்புப் புள்ளிக்கு மேல திருப்ப வேணாம்

அம்ப்ளிஃபயர், எங்கட வாயில அம்ப், திருத்துற தொழில்ல மீட்டரை விடப் பெரிய சாமான் காது. மீட்டர் பழுதானா கடையில வேற ஒண்டு வாங்கலாம். இதே தொழில்ல கிடந்து மண்டை காய்ஞ்ச ஆக்கள் வாசிச்சா, நான் சொல்ல வாறது சட்டெண்டு விளங்கும். கல்முனை பஸாருக்குப் பின்னால இருபத்தேழு வருஷமா எனக்கு ஒரு கடை. பள்ளிவாசல் மைக், கோயில் மைக், கல்யாண வீட்டு ஸ்பீக்கர் எல்லாம் வரும். ஆனா எனக்குப் பேர் வாங்கித் தந்தது கிட்டார் அம்ப்தான். பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில் எண்டு எங்கெங்க கிட்டார் வாசிக்கிற ஆக்கள் இருக்காங்களோ அங்கயிருந்தெல்லாம் பஸ்ஸில தூக்கிக்கொண்டு வருவாங்க. வாறதுல முக்காவாசிக்கு வருத்தம் ஒண்டுதான், வொலியூம். ஒண்டு கூடாது, இல்லாட்டிக் குறையாது, இல்லாட்டிக் கறகறக்கும்.

முன்னுக்கே ஒண்டைச் சொல்லிப்போடுறன். நாலு வருஷத்துக்கு முதல் என்ட காது போகத் தொடங்கிச்சு. அதை நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. கண் தெரியாத தையல்காரனிட்ட ஆர் துணி குடுப்பாங்க? அந்தப் பயம். அந்தப் பயத்தால என்ன நடந்ததெண்டுதான் கீழ எழுதியிருக்கன்.

புள்ளி வந்த கதை

இது காது நல்லா இருந்த காலத்துல நடந்தது. தம்பிலுவில்ல இசைக்குழு வெச்சிருந்த ஒரு அண்ணன், ஒரே அம்ப்பை மூணு மாசத்துல ரெண்டு தரம் கொண்டு வந்தார். ரெண்டு தரமும் ஸ்பீக்கர் எரிஞ்சு போய்த்தான் வந்தது. வாசிக்கிற ஆள் உற்சாகத்துல வொலியூம் குமிழைக் கடைசி இலக்கம் பத்து வரைக்கும் திருப்பிப்போடுறாராம். எதுவரைக்கும் திருப்பலாமெண்டு ஒரு அடையாளம் வெச்சுத் தாங்க நானா எண்டு கேட்டார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கட பக்கம் நானா எண்டுதான் கூப்பிடுறது.

எனக்கும் அது நல்ல யோசனையாப் பட்டது. பென்ஸிக் கடையில நகத்துக்குப் பூசுற சிவப்புப் பூச்சு ஒரு குப்பி வாங்கினன். நகத்துல பூசினா தொழுகைக்குக் கழுவுற ஒழு கூடாதே, தொழுற ஊட்டுக்கு இது எதுக்கெண்டு கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அதை ஆர் கணக்கெடுத்தா? வந்து என்ட கிட்டாரை அம்ப்புல கொளுவி, ஆறடி தள்ளிக் கதிரையில இருந்து வாசிச்சுப் பார்த்தன். சத்தம் நிறைவா இருக்கணும், காதையும் குத்தக் கூடாது. எழும்பிப் போய்க் கொஞ்சம் திருப்புறது, திரும்ப வந்து இருந்து கேக்குறது. சரியான இடம் வந்ததும் குமிழுக்குப் பக்கத்துல ஒரு சொட்டுச் சிவப்பு. அதுக்குப் பிறகு அந்த அம்ப் ஸ்பீக்கருக்கெண்டு வரவேயில்ல. மற்ற ஆக்களும் கேட்டுக் கேட்டு வெச்சுக்கொண்டு போனாங்க. ‘நானாட புள்ளி’ எண்டு அதுக்குப் பேரே வந்திட்டு. தம்பிலுவில் அண்ணன் சொன்னது இப்பவும் ஞாபகம் இருக்கு: “புள்ளியத் தாண்டித் திருப்புறவனுக்கு இனி என்ட குழுவில இடமில்ல நானா.”

கறகறப்பு

வொலியூம் கொன்ட்ரோலுக்குள்ள ஒரு கறுப்புப் பாதை இருக்கும். அதுக்கு மேலால ஒரு சின்னத் தகட்டுக் கால் உரசிக்கொண்டு ஓடும். எங்கட கடல் காத்துல உப்பும் தூசியும் போய் அந்தப் பாதையில படிஞ்சா, குமிழைத் தொட்டதும் கறகற எண்டும். இதுக்கு வைத்தியம் உங்களுக்கும் தெரியும். அழுக்குக் கழுவுற மருந்தை உள்ளுக்கு அடிச்சுப்போட்டு, குமிழை இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் இருபது தரம் திருப்பிப்போட்டு, காதைக் கிட்ட வெச்சுக் கேக்குறதுதான்.

காது போகத் தொடங்கின புதுசுல காரைதீவிலயிருந்து ஒரு டீச்சர் பள்ளிக்கூடத்து அம்ப்பைக் கொண்டு வந்தா. மருந்தடிச்சன், திருப்பினன், கேட்டன். எண்ணெய்ல ஓடுற மாதிரி இருந்தது. மேசையில தூக்கி வெச்சு, வாசிச்சுப் பாருங்க டீச்சர் எண்டன். அவ குமிழைத் தொட்டதும் முகத்தைச் சுழிச்சா. திரும்பத் தொட்டா, திரும்பவும் சுழிச்சா. புதுசா மருந்தடிச்சா ரெண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும் டீச்சர் எண்டு அப்பட்டமாப் பொய் சொன்னன். அவ குமிழிலயிருந்து கையை எடுத்துப்போட்டுக் கேட்டா: “இவ்வளவு தள்ளி நிக்கிற எனக்கே கேக்குது, குனிஞ்சு காதை வெச்சிருக்கிற உங்களுக்குக் கேக்கல்லயா நானா?”

மனிசிட தட்டு

அதுக்குப் பிறகு என்ட மனிசி றஹ்மாவைக் கூட்டுச் சேர்த்தன். எங்கட வீடு கடைக்குப் பின்னாலதான், இடையில ஒரு திரைச்சீலை மட்டும். தடிமன் புடிச்சு மூக்கும் காதும் அடைச்சிரிக்கி, நான் குமிழைத் திருப்பக்குள்ள கறகறத்தா நிலைக்கட்டையில ஒரு தட்டுத் தட்டு எண்டன். அந்தத் தட்டு என்ட கைக்குத் தெரியும், ஒரு கையை நிலையில வெச்சுக்கொண்டுதான் மற்றக் கையால திருப்புவன். ஒரு வருஷம் அந்தத் தடிமன் மாறவேயில்ல. கறகறப்புக்காரங்க ஒருத்தரும் திரும்பி வரவும் இல்ல. நான் வெண்டுட்டன் எண்டு இருந்தன்.

ஆனா புள்ளி வெக்கிறதுக்கு மட்டும் அவவைக் கூப்பிடல்ல. அவவுக்குக் கிட்டார் சத்தமே ஆகாது. அவவைக் கேட்டா எல்லா அம்ப்புக்கும் சைபரிலதான் புள்ளி வெக்கணும். கறகறப்பு எண்டுறது பழுது, அதை ஆரும் கேக்கலாம், புள்ளி எண்டுறது என்ட ருசி, அதை நான்தான் கேக்கணும் எண்டு எனக்கொரு வீறாப்பு. என்ட கேடுகாலம் அந்த வீறாப்புலதான் இருந்தது.

ஒருநாள் றஹ்மா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு முன்னுக்கே வந்து நிண்டா. நிலையில வெச்ச கையை நான் மறந்து எடுத்திருக்கன். அவட கண் கலங்கியிருந்தது. “இஞ்சேருங்க, கறகறக்குதெண்டு தட்டினன், புறகு மூணு தரம் வாயால கூப்பிட்டன். உங்களுக்கு வந்திரிக்கிறது தடிமன் இல்ல.”

மோதினார் சொன்னது

எங்கட ஒழுங்கை முடியுற இடத்துல ஆக்கள் தொழுற ஒரு சின்னத் தைக்கா. அங்கத்த அம்ப்புல சத்தம் இடைக்கிடை விட்டுப் போகுதெண்டு பாங்கு சொல்ற மோதினார் கொண்டு வந்தார். கொன்ட்ரோல்ட கால் ஒண்டுல ஈயம் விட்டிருந்தது, அஞ்சு நிமிச வேலை. கையோட புள்ளியையும் வெச்சன், ஏழுல. நாலுல ஒரு பழைய சிவப்புக் கறை தெரிஞ்சுது. அதுவும் நான் வெச்ச புள்ளிதான், காது நல்லா இருந்த நாள்ல வெச்சது. நாலு எப்படி ஏழாச்செண்டு ஒரு கணம் குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தன். அம்ப் கிழடாப் போச்சு, பலம் குறைஞ்சிட்டு எண்டு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டன். உண்மை அந்த இடத்துலயே கண்ணுக்கு முன்னால கிடந்தது. நான்தான் பார்க்க விரும்பல்ல.

ரெண்டு நாள் கழிச்சு அஸர் தொழுகைக்குப் போகக்குள்ள மோதினார் ஒரு சங்கதி சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. பாங்கு சொல்ற மனிசனுக்கு அம்ப்பைப் பத்தி என்ன தெரியும் எண்டு மனசுக்குள்ள ஏசிக்கொண்டு தொழுதன். அல்லாஹ் மன்னிக்கணும். அவர் மெதுவாச் சொன்னது இவ்வளவுதான்: “உங்கட புள்ளியில வெச்சா பாங்கு சொல்ற எனக்கே தலை இடிக்கிது தம்பி, நான் அந்தப் பழைய கறையிலதான் வெச்சுக்கொண்டிரிக்கன்.”

குறையாத அம்ப்

பாண்டிருப்பு ஜெயசீலனுக்கு அப்ப முப்பது வயசிருக்கும். ஞாயிற்றுக்கிழமையில தேவாலயத்துல கிட்டார் வாசிக்கிறவன். ஒவ்வொரு பின்னேரமும் வீட்டுக்குப் பின்னால தகரம் அடிச்ச ஒரு சின்ன அறையில இருந்து பழகுவான். அவன்ட அம்ப்புல வொலியூம் குறையவே மாட்டுதாம், சைபருக்குக் கொண்டு போனாலும் கத்துதாம். கொன்ட்ரோல்ட அடிக்கால் உடைஞ்சா அப்படித்தான், சத்தத்தை இறக்கி விடுற வழி அடைபட்டுப் போகும். புதுக் கொன்ட்ரோல் ஒண்டு போட்டுக் குடுத்தன். அந்த வேலையில ஒரு குறையும் இல்ல.

பிறகு கதிரையில இருந்து புள்ளி வெச்சன், எட்டுல. எனக்கு அருமையாக் கேட்டது. ஜெயசீலன் ஒரு அடி பின்னுக்குப் போனான். அதை நான் கண்டன். கண்டுகொண்டும் ஸ்பீக்கர் தாங்கும், பயப்படாம வை தம்பி எண்டு சொன்னன். அவன் சிரிச்சுக்கொண்டே சொன்னான்: “உங்கட காது சரியெண்டு சொன்னா அதுக்கு மேல எனக்குக் கதை இல்ல நானா.”

ரெண்டு பேரும் தலையாட்டினது

ஒண்டரை வருஷத்துக்குப் பிறகு அதே அம்ப்போட ஜெயசீலன் வந்தான். சத்தம் காணா நானா, புள்ளியில வெச்சாலும் மங்கலா இரிக்கி, மெல்லிய கம்பி சரியாக் கேக்குதேயில்ல எண்டான். றஹ்மா அண்டைக்கு மருதமுனையில தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. மூடியைக் கழட்டி ஒவ்வொரு காலா மீட்டர் வெச்சுப் பார்த்தன். எல்லாம் சரி. அவன் கிட்டாரைக் கொளுவி வாசிச்சான். காணாதான் எண்டு நானும் தலையாட்டினன். ஒம்பதுக்குத் திருப்பினன். இப்பவும் காணா எண்டான், ஓம் எண்டன். கடைசித் தொங்கல் வரைக்கும் திருப்பிவிட்டு, ரெண்டு பேரும் அம்ப்புக்கு முன்னால குந்திக்கொண்டு, நோயாளிக்குப் பக்கத்துல இருக்கிற ஆக்கள் மாதிரி ஆளையாள் பார்த்தம்.

அப்பதான் பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடை ஹனீபா ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். அவர்ட வாய் பெரிசாத் திறந்து மூடுறதைத்தான் முதல்ல கண்டன். ஜெயசீலன் வாசிக்கிறதை நிப்பாட்டினதும்தான் கதை கேட்டது: “ரெண்டு பேருக்கும் விசரா? என்ட கண்ணாடி அலுமாரி உதறுது, நீங்க சத்தம் காணா எண்டு தலையாட்டிக்கொண்டு இரிக்கிறீங்க!”

ரெண்டு கடுதாசி

ரெண்டு பேரும் ஒண்டாத்தான் காது டொக்டரிட்டப் போனம். ஒரு பெட்டிக்குள்ள இருத்தி, காதுல ஹெட்போன் மாட்டி, சத்தம் கேக்கக்குள்ள பட்டனை அமத்தச் சொன்னாங்க. நான் பட்டனைக் கையில வெச்சுக்கொண்டு சும்மா இருந்த நேரம்தான் கூட. பிறகு காது எவ்வளவு கேக்குதெண்டு கோடு கீறின ரெண்டு கடுதாசி தந்தாங்க. என்ட கோடும் அவன்ட கோடும் ஒரே மாதிரி வலது பக்கம் சரிஞ்சு கீழ போகுது. எனக்கு அம்பத்தஞ்சு வயசு, அவனுக்கு முப்பத்திரண்டு. எனக்கு வயசும் தொழிலும் சேர்ந்து செஞ்ச வேலையாம். அவனுக்குச் சத்தம் மட்டும் செஞ்ச வேலையாம். போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்தப் பாருங்க எண்டார் டொக்டர்.

பஸ்ஸில அவன் யன்னல் பக்கம் இருந்தான். எப்படி இவ்வளவு சத்தத்துல வெச்சன் எண்டு அவனே யோசிச்சு யோசிச்சுக் கேட்டுக்கொண்டு வந்தான். நான் என்ட கடுதாசியை மடிச்சுச் சட்டைப் பைக்குள்ள வெச்சன். அவன் என்ட ரெண்டு காதுல நல்லாக் கேக்குற பக்கம் குனிஞ்சு சொன்னான்: “வீட்டுக்காரி ஒவ்வொரு நாளும் ஏசுவா நானா, நான் சொல்லுவன், நானாட புள்ளிக்கு மேல நான் ஒரு நாளும் திருப்பினதில்ல எண்டு.”

புள்ளி அழிச்ச கிழமை

அந்தக் கிழமை கடையைத் திறக்கல்ல. தின்னர் போத்தலும் ஒரு பழைய துணியும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள்ல வெளிக்கிட்டன். இந்த நாலு வருஷத்துல வெச்ச புள்ளி எங்கெங்க இருக்கெண்டு ஞாபகம் வந்த வீடெல்லாம் போனன். எனக்குக் காது கேக்காது, நான் வெச்ச அடையாளம் பிழை எண்டு ஒவ்வொரு வாசலிலயும் சொன்னன். சிரிச்ச ஆக்களும் இருந்தாங்க, முகம் மாறின ஆக்களும் இருந்தாங்க. கடைசியாப் போக வெச்சிருந்தது ஜெயசீலன்ட வீடு. அங்க முதல் போக எனக்குத் தைரியம் இல்ல.

அந்தத் தகர அறையில இருந்து அவனுக்கும் சொன்னன். நாலுல வெக்க வேண்டிய புள்ளிய எட்டுல வெச்சது நான்தான் தம்பி, என்ட காது போனதைத் தெரிஞ்சுகொண்டுதான் வெச்சன் எண்டன். ஏசுவான் எண்டு பார்த்தன், ஏசினா நல்லா இருக்குமெண்டும் நினைச்சன். அவன் ஏசல்ல. போன மாசத்தோட தேவாலயத்துல அவன்ட இடத்துல வேற ஒருத்தர் வாசிக்கிறார் எண்டு மட்டும் சொன்னான். பிறகு கிட்டாரைக் கொளுவி, குமிழை நாலுக்குக் கொண்டுபோய், ஒரு பாட்டு வாசிச்சான். அவன்ட விரல் ஓடுறதைத்தான் கண்டன். வாசலில பிளேன்டீயோட நிண்ட அவன்ட மனிசி மட்டும் பாட்டுக்கு மெதுவாத் தலையை ஆட்டிக்கொண்டு நிண்டா. எட்டுக்குத் திருப்பினான், அவ கோப்பையை வெச்சுப்போட்டு உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்தினா. துணியைத் தின்னரில நனைச்சுக்கொண்டு நான் குமிழ்ப் பக்கம் கையை நீட்டினன். அவன் குமிழை உள்ளங்கையால மூடிக்கொண்டு சொன்னான்: “அதை அழிக்காதீங்க நானா, அதுக்குக் கீழ எனக்கு ஒண்டும் கேக்குதில்ல.”

இருபத்தேழு வருஷத்துல நான் செஞ்ச வேலைகள்ல, ஒரு தரமும் பழுதாகித் திரும்பி வராத வேலை, அழிக்காம விட்டுப்போட்டு வந்த அந்தப் புள்ளி ஒண்டுதான்.