இழுக்காத கார்

மணமேல்குடியில் வாடகைக் கார் ஓட்டும் ஒரே பெண் பிரகதாம்பாள். கணவன் இறந்த ஆறாம் மாதமே அவனுடைய டீசல் காரைத் தன் பேருக்கு மாற்றி ஸ்டியரிங்கைப் பிடித்தவள். பிள்ளைத்தாய்ச்சிகளை அலுங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில் பேர் வாங்கியிருந்தாள்.

அந்தக் கார் ஒரு மாதமாகக் கரும்புகை தள்ளியது. மேட்டில் இழுக்கவே இல்லை. இதுதான் சாக்கு என்று கிளம்பினான் கொழுந்தன் உதயசூரியன். வீட்டுப் பொம்பளை கார் ஓட்டுவது அவனுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

"இஞ்சின் போச்சு அண்ணி. வெள்ளிக்கெழம ஆளு கூட்டியாரேன், வித்துருவோம்."

யாரைக் கேட்டுக் கூட்டி வருகிறானாம்? "கூட்டியாங்க தம்பி, அவரும்தான் பாக்கட்டுமே" என்றாள்.

மறுநாள் அறந்தாங்கியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கரி எடுக்கும் மருந்து கேட்டாள். கடைக்காரர் ஒரு பாட்டிலை நீட்டினார். "டேங்க்ல ஊத்துங்க, எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க. வெவரம் வேணும்னா வீட்டு ஆம்பளையாள வரச்சொல்லுங்க."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பாட்டிலைத் திருப்பிப் படித்தாள்.

"பெட்ரோல் வண்டிக்குன்னு போட்டுருக்கு, என்னோடது டீசலு. கரி படிஞ்சிருக்கதும் காத்துப் போற கொழாயில. கழட்டி வெரல விட்டுப் பாத்துட்டுத்தான் வந்தேன். டேங்க்ல ஊத்துனா அங்கிட்டு எப்புடிங்க போகும்?"

கடைக்காரர் பாட்டிலைத் திரும்ப வாங்கி வைத்தார். டீசல் வண்டியின் காற்றுக்குழாய்க்கு அடிக்கும் ஸ்ப்ரே கீழ்த்தட்டில் இருந்தது. அவளே இரண்டு டப்பா எடுத்துக்கொண்டாள்.

மெக்கானிக் பெரியகருப்பன் குழாயையும் வால்வையும் கழற்றித் தந்தார். கரைந்த கரி இன்ஜினுக்குள் விழுந்துவிடாதபடி வெளியே வைத்தே அடித்தாள். கரி தாராக ஒழுகியது. முழங்கை வரை கறுத்துப்போனாள்.

"எந்நேரமும் மெதுவா ஓட்டுனா கரி சேரத்தான் செய்யும்க்கா. ஆளில்லாதப்ப வெரட்டி ஓட்டுங்க" என்றார் பெரியகருப்பன்.

வெள்ளிக்கிழமை வாங்க வந்தவரையும் உதயசூரியனையும் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரட்டினாள். புகையே இல்லை.

"நல்லா இழுக்குதே! இப்பவே முடிச்சுக்குவோம்" என்றார் வந்தவர். உதயசூரியனுக்கு வாயெல்லாம் பல்.

கட்டுமாவடி மீன் மார்க்கெட் அருகே ஓரங்கட்டினாள். "எறங்குங்க ரெண்டு பேரும்."

"என்ன அண்ணி?"

"இழுக்கலைன்னுதானே விக்கச் சொன்னீங்க? அதான் இழுக்குதுல்ல. எனக்குச் சவாரி இருக்கு, நீங்க பஸ்ஸுல வாங்க."

கதவு சாத்தும்வரை பொறுத்தாள். ஒரு பிள்ளைத்தாய்ச்சி காத்திருந்தாள். அவளை ஏற்றியபின் மெதுவாகத்தான் போக வேண்டும். அதுவரை ஆக்ஸிலேட்டரை மிதித்தாள்.