கோலி போட்ட தைலம்

கல்மண்டபத்தில் ஜட்கா வண்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே வாசனைத் தைலம் விற்றவருக்குப் பெரிய தொந்தி. தைலம் விற்றுப் பாட்டிலில் இடம் காலியாக ஆக, உடைந்த சோடா பாட்டில்களின் கோலிகளைக் கழுவிக் காயவைத்து உள்ளே போடுவார். தைலம் மறுபடி கழுத்துவரை ஏறிவிடும்.

தங்கை கல்யாணத்துக்கு வெட்டிவேர்த் தைலம் வாங்கப் போனேன்.

“கோலி எதுக்குங்க?” என்றேன்.

“காலி எடத்துல காத்து பூந்துகினா வாசனை கெட்டுப்பூடும் நைனா.”

மிச்சத் தைலம் முழுவதையும் வடித்துத் தந்தவர், மணக்கும் கோலிகளையும் துணியில் முடிந்து கொடுத்தார். “பொண்ணு பொடவைப் பெட்டில வை. அப்பால நான் வந்து வாங்கிக்கிறேன்.”

கல்யாணத்தன்று குழந்தைகள் அவற்றை எடுத்துத் தெருவில் ஆடினார்கள். கோலி கேட்டு வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புழுதியில் குந்தி, “எனக்கு ஒண்ணு குடு” என்றார்.

கல்யாணத்துக்கு வந்தவர்களில், தன் கோலிகளைத் தானே ஆடித் தோற்றுவிட்டு, வெட்டிவேர் மணத்த வெறுங்கையோடு சிரித்துக்கொண்டே போனவர் அவர் ஒருவர்தான்.