மூக்கடைக்காத அழுகை

எங்கள் ஆபீஸ் பியூனின் நான்கு வயதுப் பெண் காய்ச்சலில் இறந்துபோன செய்தி வந்த காலையில், மானேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். "உங்கப்பா போனப்போ துக்கம் கேக்க வந்தவா என்னென்ன சொன்னா? எதைக் கேட்டதும் உனக்கு மனசு கொஞ்சம் ஆறித்து?" எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாடிவீட்டு மாமா சொன்னதை அவரிடம் சொன்னேன்: "கஷ்டப்படாம போனார்னு நெனச்சுக்கோ. நீ தனியா இல்லே, நாங்கள்லாம் இருக்கோம்." மானேஜர் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது மாமா கையை எங்கே வைத்தார், தலையிலா, தோளிலா என்று கேட்டார். தோளில் என்றேன். பத்து நிமிஷம் கழித்து, ஹாலின் நடுவில் பியூனின் தோளில் கை வைத்து அதே வார்த்தைகளை அவர் மராத்தியில் சொன்னார். பியூன் அவர் காலில் விழுந்து அழுதான். எனக்கும் கண் கலங்கியது. மூன்று நாள் காய்ச்சலில் துடித்த குழந்தை கஷ்டப்படாமல் எப்படிப் போயிருக்கும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. மாட்டுங்காவில் அம்மாவும் இரண்டு தம்பிகளும் நானும் இருந்தோம். டைப்பும் ஷார்ட்ஹேண்டும் முடித்த கையோடு கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. மானேஜர் செம்பூர்வாசி, தமிழர். சின்னத் தம்பிக்குப் பள்ளியில் இடம் கிடைக்காமல் அம்மா அலைந்தபோது, ஒரே ஒரு போன் செய்து வாங்கிக் கொடுத்தார். ஆபீஸில் எல்லோருடைய குழந்தைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். யாருக்கு என்ன பயம் என்பதும் தெரியும். இரண்டாவதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அவரைச் சரியாக அடையாளம் கண்டவள் ஒருத்திதான். ஆபீஸுக்கு வரும் போன்களை இணைத்துக் கொடுக்கும் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்த அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். தாராவியில் வீடு. கணவர் தோல் பதனிடும் கொட்டகையில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போய் வீட்டில் இருந்தார். இரண்டு பெண் குழந்தைகள். அக்கா சயானில் ரயில் ஏறி லேடீஸ் டப்பாவில் எனக்கு இடம் பிடித்து வைப்பாள், நான் மாட்டுங்காவில் ஏறுவேன். ஒருநாள் நான் மானேஜரைப் புகழ்ந்துகொண்டே வந்தபோது அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "லைன் சேந்துட்டான்னு பாக்க ஒரு நிமிசம் காதுல வைப்பேம்லா. நேத்து யாரோ விதவையம்மாட்ட அழுதாரு. அந்த லைன வச்சாரு, அடுத்த லைன எடுத்தாரு, சிரிச்சாரு. நடுவுல மூச்சு விடுத நேரங்கூட இல்ல. நெசமா அழுத மனுசனுக்கு மூக்கு அடைக்கும்லாட்டி?"

அவளுக்கு ஏதோ பொறாமை என்று நினைத்தேன். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள், பைகுல்லா தாண்டியதும் அக்காவுக்கு வலிப்பு வந்தது. அவளுக்கு அப்படி ஒரு நோய் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். நாக்கைக் கடித்துவிடப் போகிறாளே என்று நான் கைக்குட்டையைப் பல்லிடையில் வைக்கப்போய் என் விரல் மாட்டிக்கொண்டது. நினைவு வந்ததும் அவள் முதலில் பார்த்தது அந்த விரலைத்தான். "ஏட்டி, ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியப்படாது. போர்ட விட்டு எறக்கிட்டாவன்னா எம்பிள்ளைய ரெண்டும் பட்டினிதான்" என்றாள். பட்டினி கிடந்தாலோ தூக்கம் கெட்டாலோ இது வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். மற்றபடி மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காதாம். சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன்.

அந்தச் சொல்லை மூன்று நாள்தான் காப்பாற்றினேன். விரல் கட்டைப் பார்த்து மானேஜர் கேட்டபோது கதவில் நசுங்கியதாகச் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. மறுநாள் கட்டு மாற்றினாயா என்று விசாரித்தார். அதற்கு மறுநாளும் விசாரித்தார். நான்காம் நாள், "நீ பொய் சொல்றவ இல்லே. யாரையோ காப்பாத்தறதுக்காகச் சொல்றே. அது நல்ல குணம்தான். ஆனா அவளுக்கு நல்ல டாக்டர் வேண்டாமா?" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்தபோது பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எதனாலே வரதாம்?" அதையும் சொன்னேன்.

டாக்டர் யாரும் வரவில்லை. மாதம் ஒன்று போனது. பிறகு ஒருநாள் ஹாலில் எல்லோர் முன்னாலும் அக்காவை அவர் புகழ்ந்தார். சிஸ்டர் இல்லாமல் இந்த ஆபீஸ் ஓடாது, அவர் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் லைன்களெல்லாம் குழம்புகின்றன, இனி மதிய நேரத்திலும் அவரே போர்டில் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மறுப்பதென்றால் அக்கா காரணம் சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்கு வீட்டில் எதையோ விழுங்கிவிட்டு வருபவள், மூன்று மணி வரை தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். அரைமணி நேரம் போர்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மானேஜரிடம் போய் நின்றேன். "உனக்குத்தான் டைப்பிங் இருக்கே, கொழந்தே" என்று சிரித்தார். அன்று முதல்முறையாக அவர்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அப்படியெல்லாம் இருக்காது என்று நானே அதை அமுக்கிவிட்டேன்.

வெளியூரிலிருந்து டைரக்டர்கள் வந்திருந்த ஒரு நடுப்பகலில் அக்கா போர்டிலிருந்து சரிந்து விழுந்தாள். எல்லோரும் ஓடினார்கள். மானேஜர் தன் அறை வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் கோபமோ மகிழ்ச்சியோ இல்லை. பால் பொங்குகிறதா என்று அடுப்பைப் பார்ப்பவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டார். உடனே புருவம் சுருங்கியது, உதடு துடித்தது, "ஐயோ சிஸ்டர்" என்று ஓடிவந்து மண்டியிட்டார். சாயங்காலம், இருமிக்கொண்டே அழைத்துப்போக வந்த அவள் கணவரின் தோளில் கை வைத்து, "நீங்க தனியா இல்லே, நாங்கள்லாம் இருக்கோம்" என்றார். என் அப்பாவின் சாவுக்குச் சொல்லப்பட்ட வார்த்தைகள்.

வேலை நீக்கக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதி, டைப் செய்தது நான். நடுவில் நிறுத்தி, "வருத்தத்துடன்னு ஒரு தடவை போதுமா, கடைசியிலேயும் போடலாமா? நீயே சொல்லு, உனக்குத்தான் இதெல்லாம் நன்னா தெரியும்" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. ஒரு தடவை போதும் சார் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு அழுதேன். ஊசியை நிறுத்தாமலே, "தெரியும்ட்டி. நீ சொன்ன அன்னைக்கே கம்பெனி டாக்டர்ட்ட போன்ல பேசுனாரு. போர்டுல கேட்டுட்டேன்" என்றாள். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். "கேட்டா அழுவ. அழுதுட்டு நேரா அவர்ட்ட போயி நிப்ப. பொறவு எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரிஞ்சு போவும், அப்பமே எறக்கிருவாரு." காப்பி கொடுத்தாள். இன்னொரு நாள் வா என்று சொல்லவில்லை.

அவர் எதற்காக அதைச் செய்தார் என்று பல வருஷங்கள் யோசித்தேன். அக்கா அவரைக் கண்டுகொண்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். அல்லது, விழுவாளா என்று பார்க்க மட்டுமே செய்திருக்கலாம். இன்று இப்படிப்பட்டவர்களை சைக்கோபாத் என்கிறார்கள். தேன் ஒழுகும் பேச்சு, குற்றவுணர்வு இல்லாமை, பிறர் வலி உறைக்காத மனம் என்று அடையாளங்களைப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம், அவற்றில் ஒன்றாவது பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்தாகத் தெரியுமா என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அன்பாகத்தான் தெரிந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் கடைசிவரை கனிவாகவே இருந்தார்.

கல்யாணமாகி டோம்பிவிலிக்குப் போன பிறகு, அறுபதுகளின் கடைசியில் ஒரு மாலை, கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்காக நின்றபோது அவர் எதிரே வந்தார். என் இடுப்பில் ஒரு வயது மகள். தம்பிகள் இருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. பிறகு கேட்டார்: "அந்த டெலிபோன் சிஸ்டர் இப்போ எங்கே இருக்கா? பொண்கள் பெரியவாளாகியிருப்பாளே."

அக்கா குடும்பத்தோடு கல்யாண் என்ற ஊருக்குப் போய்விட்டதும், மூத்த பெண் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்திருப்பதும் ரயில் சிநேகிதி ஒருத்தி மூலம் எனக்குத் தெரியும். கேட்ட குரலில் அவ்வளவு அக்கறை. ஊர்ப்பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெரியாது சார்" என்றேன்.

இரண்டு விநாடி அவர் என்னைப் பார்த்தார். அந்த இரண்டு விநாடியும் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு சிரித்து, குனிந்து, என் மகளின் கன்னத்தைத் தட்டி, "சமத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸுக்காக நின்றபடி முந்தானையால் அந்தக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். குழந்தை வலியில் அழ ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினேன்.