கொரியக் காரும் கூடப்பிறந்த அக்காவும்

ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் நம்ம ஆளுக்குத் தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். "இந்த வண்டிய தெரியாதவன் எவனும் வாங்க மாட்டான். அதனால தெரிஞ்சவங்ககிட்ட ஆரம்பிங்க. உங்களுக்குச் சொந்தக்காரங்க நிறைய பேர் இருக்காங்களா?" இருந்தார்கள். பாவம், அன்று காலையிலேயே தங்கள் தலையெழுத்து முடிவாகிவிட்டது அவர்கள் யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில் கொரியக் கார் என்றாலே ஜனங்களுக்குச் சிரிப்பு. ஜப்பான்காரன் வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஜெர்மன்காரன் வண்டியை வாங்க முடியாவிட்டாலும் நின்று பார்த்துவிட்டுப் போகலாம், கொரியாக்காரன் வண்டியா, மழை பெய்யாத ஊரில் இருந்தால் யோசிக்கலாம் என்று பேசிக்கொள்வார்கள். ஷோரூமுக்குள் ஏசிக்காக நுழைகிற ஆசாமிகூட வெளியே போகும்போது, "வண்டியோட ஒரு ஜோடி செருப்பும் தருவீங்களா? வீட்டுக்கு நடந்து வரணுமே" என்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

நம்ம ஆள் அசரமாட்டார். எதைச் சொன்னாலும், "அதுக்கு நான் வாரண்டி" என்று நெஞ்சில் தட்டிக்கொள்வது அவர் வழக்கம். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வாரண்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிஞ்சியது.

கேலி செய்கிற கஸ்டமர் கிடைத்தால் அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கம்பெனியின் சரித்திரத்தை ஆரம்பித்துவிடுவார். "போர்ல தரைமட்டமான நாடு சார் அது. மொதல்ல அடுத்தவன் வண்டிய நட்டு போல்ட்டு பூட்டித்தான் குடுத்துட்டு இருந்தாங்க. அப்புறம் ஒரு நாட்டுல என்ஜினைக் கத்துக்கிட்டு, இன்னொரு நாட்டுக்காரன விட்டு டிசைன் வரைய வெச்சு, சொந்தமா ஒரு குட்டிக் கார் பண்ணாங்க. ஊரே சிரிச்சுது. சிரிச்சவனுக்கே அதைக் கப்பல்ல ஏத்தி வித்தாங்க சார்!" இந்த இடத்தில் அவர் குரல் தழுதழுக்கும். ஏதோ அந்தப் போரில் இவரே துப்பாக்கி தூக்கியதுபோலவும், அந்த முதல் காரின் சக்கரத்தை இவர்தான் மாட்டியதுபோலவும் இருக்கும். கஸ்டமர் கண் கலங்கக் கேட்டுவிட்டு, எதிரே இருந்த ஜப்பான் ஷோரூமுக்குப் போவார்.

ஆகவே சொந்தக்காரர்கள். முதலில் சித்தப்பா. அப்புறம் மனைவியின் அண்ணன். அப்புறம் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவுகள் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தார்கள். குடும்பத்தில் ஒரு கல்யாணம் என்றால் மண்டப வாசலில் அதே மாடல் கார் ஏழெட்டு நிற்கும். சாப்பிட்டு முடித்து எல்லோரும் கிளம்பும்போது அதில் இரண்டு வண்டியாவது கிளம்பாது. இழுத்துப் போகிற வண்டிக்காரர் அடிக்கடி வந்து வந்து குடும்பத்துக்கே பழக்கமாகிவிட்டார். ஒரு கல்யாணத்துக்கு அவருக்குத் தனியாகப் பத்திரிகையே வைத்தார்கள்.

சித்தப்பா வாய்க்கு வந்தபடி திட்டுவார், மறுவாரம் சிரிப்பார். மச்சான் சாடைமாடையாகக் குத்திக்காட்டிவிட்டு விட்டுவிடுவார். அதெல்லாம் வாரண்டிக்குத் துடைத்துப் போட்ட மாதிரி. அக்கா விஷயம்தான் அப்படி முடியவில்லை.

அக்கா கணக்கு டீச்சர். கதை கேட்கிற பழக்கம் கிடையாது. ஷோரூமுக்கு வந்த அன்று தம்பி, "போர்ல தரைமட்டமான" என்று ஆரம்பித்ததுமே கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

"கதையெல்லாம் வேண்டாம்டா. வண்டி நல்ல வண்டியா, அதை மட்டும் சொல்லு."

"அதுக்கு நான் வாரண்டிக்கா."

"அப்ப சரி."

அவ்வளவுதான். ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊதா நிறத்தில் ஒன்றைக் காட்டினாள், எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவர் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக விற்ற வண்டி வேறு கிடையாது.

அந்த ஊதா கார் ஒரு மழைநாளில் பாலத்துக்கு நடுவில் நின்றது. எந்த நாளில் என்றால், அக்காவுக்குத் தலைமை ஆசிரியை வேலைக்கு நேர்காணல் இருந்த நாளில். பாலத்தின் கோடியில் ஒரு கடைக்காரரிடம் கெஞ்சி போன் வாங்கித் தம்பிக்கு அடித்தாள்.

தம்பியின் மேஜைக்கு எதிரே ஒரு கஸ்டமர் உட்கார்ந்திருந்தார். அதுவும் யார்? சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை, முன்பின் பார்த்தேயிராத மனிதர்! பேனா மூடியைக் கழற்றிவிட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டார், "நடுவழில நிக்காதுல்ல?" இவர் நெஞ்சில் கை வைத்து வாயைத் திறந்த அதே நேரத்தில் போன் அடித்தது. எடுத்தால் அக்காவின் குரல், பின்வரிசைப் பையனுக்கும் கேட்க வேண்டும் என்று பாடம் நடத்திப் பழகிய குரல், ஷோரூம் முழுக்கக் கேட்டது. "டேய், உன் வண்டி பாலத்துல நின்னு போச்சுடா!"

கஸ்டமரின் பேனா அந்தரத்தில் நின்றது.

"ராங் நம்பருங்க," என்று சொல்லி வாரண்டி போனை வைத்துவிட்டார்.

கையெழுத்து விழுந்தது. கஸ்டமர் வாசலைத் தாண்டியதும் இவர் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு ஓடினார். பாலத்தில் ஊதா கார் தனியாக நனைந்துகொண்டிருந்தது. அக்கா சொட்டச் சொட்ட நனைந்தபடி நடந்தே போய்ச் சேர்ந்து, நேரம் தவறியதால் வெளியிலேயே நிறுத்தப்பட்டு, அந்த வேலை கூடப் படித்த இன்னொருத்திக்குப் போய்விட்டது என்பது சாயங்காலம்தான் அவருக்குத் தெரிந்தது. அக்கா வீட்டுக்குப் போனார். "கஸ்டமர் பக்கத்துல இருந்தாருக்கா" என்றார். மன்னிப்புக் கேட்டார். அழுதார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தானிடம் மட்டும், "வந்தவருக்குக் காபி வேணுமான்னு கேளுங்க" என்றாள்.

வந்தவர்! டேய் என்பதைத் தவிர வேறு வார்த்தையில் அவரை அழைத்தே அறியாத அக்கா. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அதற்குப் பிறகு இவர் எப்போது போன் செய்தாலும் இவர் குரலைக் கேட்டதும் அக்கா, "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவாள். இவர் கொஞ்ச காலம் விடாமல் அடித்துப் பார்த்தார். அந்த இரண்டு வார்த்தையையாவது அவள் வாயால் கேட்கலாமே என்றுதான். அக்கா ஊதா காரை விற்றுவிட்டு ஜப்பான் வண்டி வாங்கிக்கொண்டாள்.

காலம் போயிற்று. கொரியாவில் யாருக்கோ ரோஷம் வந்துவிட்டது. உலகமெல்லாம் சிரித்தது உறைத்ததோ என்னவோ, வண்டியை ஒட்டுமொத்தமாகத் திருத்த ஆரம்பித்தார்கள். துருப்பிடிப்பது நின்றது. கதவு சாத்தினால் பாத்திரக்கடைச் சத்தம் வருவது நின்றது. மற்றவர்கள் மூன்று வருஷத்துக்குப் பொறுப்பேற்கத் தயங்கிய இடத்தில், பத்து வருஷத்துக்கு என்ஜின் எங்கள் பொறுப்பு என்று ஒரு பெரிய நாட்டில் துணிந்து அறிவித்தார்கள். பைத்தியமா பிடித்திருக்கிறது என்று கேட்டவர்கள், கொஞ்ச நாள் கழித்து வரிசையில் நின்றார்கள்.

இதில் நம்ம ஆளுக்கு ஒரு சங்கடம் வந்தது. இத்தனை வருஷமும் அடிவாங்கித் தடுத்தே பழகியவர் அவர். இப்போது அடிக்க ஆளே இல்லை. இளம் ஜோடிகள் வருவார்கள், எல்லாவற்றையும் போனிலேயே படித்துவிட்டு வந்திருப்பார்கள், "வெள்ளைக் கலர் எப்பக் கிடைக்கும்?" என்று மட்டும் கேட்பார்கள். இவருக்கு வாய் நமநமக்கும். தாங்கமாட்டாமல் ஒருநாள் ஒரு பெண்ணிடம், "துருப்பிடிக்குமான்னு நீங்க கேக்கவே இல்லையேம்மா" என்று எடுத்துக்கொடுத்தார்.

"ஐயோ, துருப்பிடிக்குமா?" என்று அந்தப் பெண் எழுந்தே விட்டாள்.

மேனேஜரம்மா (இப்போது இருப்பவர் இவர் மகள் வயதுப் பெண்) இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், உங்க வாயால இப்ப வண்டிக்குக் கெட்ட பேரு வருது" என்று நயமாகச் சொன்னார்.

சொந்தக்காரர்கள் கதையும் மாறிவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டிய சித்தப்பா, "கொரியக் காரோட அருமை எனக்கு அப்பவே தெரியும். நம்ம குடும்பத்துலயே மொதல்ல வாங்கினவன் நான்தான்" என்று கூச்சமே இல்லாமல் பேசித் திரிந்தார். கம்பெனியின் கெட்ட பெயர் கழுவித் துடைத்தாகிவிட்டது. அந்தக் கணக்கில் தன்னுடையதும் கொஞ்சம் துடைபட்டிருக்கும் என்று வாரண்டி நினைத்துக்கொண்டார். ஆனால் அக்கா வீட்டு போன் மட்டும் பழையபடியேதான் இருந்தது.

அந்த மாதத்தோடு அவருக்கு ஓய்வு. இந்த நேரத்தில்தான் மனைவி ஒரு சேதி கொண்டுவந்தாள். அவளுக்கும் நாத்தனாருக்கும் பேச்சு எப்போதும் உண்டு.

"ஏங்க, உங்க அக்கா கார் மாத்தப் போறாங்களாம். இந்தத் தடவ கொரிய வண்டிதான்னு முடிவே பண்ணிட்டாங்களாம்."

வாரண்டி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டார். தங்கள் ஷோரூமை விட்டால் அந்தக் கம்பெனிக்கு ஊரில் இருக்கிற இன்னொரு ஷோரூம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அக்கா வீட்டிலிருந்து அங்கே போக ஊரையே சுற்ற வேண்டும். அப்படியானால் இங்கேதான் வரப்போகிறாள். தம்பிக்கு ஓய்வு என்பதும் அவளுக்குத் தெரியும். கடைசி வண்டி அக்காவுக்கு விற்றது என்று ஆகிவிட்டால், பேச்சு தானாக வந்துவிடும். பேசாமல் ஒருவருக்குக் கார் விற்க முடியுமா என்ன?

மறுநாள் நல்ல வண்டி ஒன்றைப் பார்த்து எடுத்து ஓரமாக நிறுத்தி, "ஒரு பெரிய கஸ்டமர் வர்றாங்க, இதுல யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். தினமும் அதைத் தானே துடைத்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் மேனேஜரம்மாவிடமே போய் நின்றார். அந்தப் பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கைகட்டிக்கொண்டு, "சரி, நான்தான் உங்க அக்கா. வந்துட்டேன். சொல்லுங்க" என்றார்.

வாரண்டி தொண்டையைக் கனைத்தார். சிரித்துப் பார்த்தார். "வாக்கா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஆயிரம் பேரைப் பேசியே மடக்கிய வாய் அது.

அக்கா வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். யார் யாரோ வந்தார்கள். மாதம் முடிந்தது. ஒரு மாலையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓரமாக நின்ற வண்டியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாக அப்புறம் கேள்விப்பட்டார்.

ஓய்வுக்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஹாரன் கேட்டது. பனியனோடு வெளியே வந்தார். புத்தம்புது கொரியக் கார். அதன் பின்கண்ணாடியில், பளிச்சென்று, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஷோரூமின் பெயர் ஒட்டியிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் அக்கா. தலை முழுக்க நரைத்துவிட்டது.

"டேய், என்ன அப்படிப் பாக்கிற? ஏறு."

டேய் திரும்ப வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, வண்டியை அந்த ஷோரூம்காரனிடம் போய் வாங்கினாளே என்று வயிறு எரிவதா என்று அவருக்குப் புரியவில்லை. ஏறி உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கதவைச் சாத்திச் சத்தம் கேட்டார். காலுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"கால் மிதி குடுத்தானா? அதெல்லாம் ப்ரீயா தரணும். அவன் தரமாட்டான்."

"குடுத்தான், குடுத்தான்."

"அங்க போய் வாங்கியிருக்க," என்றார். "ஊரச் சுத்திக்கிட்டுப் போய் எவன்கிட்டயோ வாங்கியிருக்க. என் மேல இன்னும் கோபம் போகலையாக்கா? கொரியாக்காரனையே மன்னிச்சிட்ட, என்னை மன்னிக்கலையா?"

அக்கா என்ஜினை அணைத்தாள்.

"மடையா. நீ அங்க வேலைல இருக்கிற வரைக்கும் உன்கிட்டதானே வாங்கச் சொல்லுவ? அதான் நீ எப்ப வெளிய வருவன்னு காத்துட்டு இருந்தேன்."

"ஏன், நான் வித்தா ஆகாதா?"

"நல்ல வண்டின்னு தெரிஞ்சுதான் வாங்கியிருக்கேன். இருந்தாலும் வண்டின்னா என்னைக்காவது ஒருநாள் நிக்கும்டா. நின்னா அந்தக் கடைக்காரன் சட்டையப் பிடிச்சுச் சண்டை போட்டுக்குவேன். உன்கிட்ட வாங்கி அது நின்னா, மறுபடியும் நான் உன்கூடப் பேசாம இருக்கணும்." அக்கா நேராக ரோட்டைப் பார்த்தாள். "இன்னொரு தடவ அதுக்கு எனக்குத் தெம்பு இல்லடா."

வாரண்டிக்கு அழுகை வந்தது, அதுவும் சின்னப் பையன் மாதிரி, தோள் குலுங்க. அக்கா அவர் பக்கம் சாய்ந்து, முன்னால் இருந்த டிஷ்யூ பேப்பரை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"மூக்கைத் தொடைடா. சீட்டு புதுசு."