மெட்டைப் பாடாத விசாலாக்ஷி

பச்சை வெல்வெட் மேலங்கி, தாடைக்குக் கீழே நாடா கட்டிய தொப்பி, கைகளை நுழைத்துக்கொள்ள ஓர் உரோம உறை, தரையைக் கூட்டும் பாவாடை, முழங்கால் வரை கயிறு கோத்த பூட்ஸ். நியூ ஜெர்சியில் டிசம்பர் மாதத்து வாரக்கடைசிகளில் விசாலாக்ஷியின் உடை இது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய லண்டன் சீமாட்டி என்று பெயர். அந்த உடையை நிஜமாகவே உடுத்தியவர்களின் வீட்டுக்காரர்கள்தான் மெட்ராஸில் விசாலாக்ஷியின் கொள்ளுத்தாத்தாவைக் குமாஸ்தாவாக வைத்திருந்தார்கள். சரித்திரத்துக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

மற்ற நாட்களில் அவர் பார்சிப்பனியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், பிறர் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறார். வயது நாற்பத்தெட்டு. நங்கநல்லூரில் பதினான்கு வருஷம் பாட்டு கற்றவர். அமெரிக்கா வந்து இருபத்திரண்டு வருஷமாகப் பாடிக்கொண்டும் இருக்கிறார், வருஷத்துக்கு மூன்று முறை, முறைக்கு இரண்டு நிமிஷம். அதாவது, அந்த வட்டாரத்துத் தமிழ் மன்றத்தின் பொங்கல், சித்திரை, தீபாவளி விழாக்களில் கடவுள் வாழ்த்து அவருடையது. கூட்டம் நாற்காலி தேடிக்கொண்டிருக்கும், மைக் கூவும், சமோசா வந்துவிட்டதா என்று யாராவது பின்னாலிருந்து கேட்பார்கள். கடவுள் கேட்டிருக்கலாம். வேறு யாரும் கேட்டதற்குச் சாட்சியம் இல்லை.

போன செப்டம்பரில் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். விடுமுறைக்கால வேஷப் பாடகர் குழுவுக்கு, அதாவது பழங்கால உடையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிறவர்களுக்கு, ஓர் ஆல்டோ தேவை, ஊதியம் உண்டு. ஆல்டோ என்றால் பெண்குரல்களில் தாழ்ந்தது என்று மட்டும் அவருக்குத் தெரியும். தன் குரல் தாழ்ந்தது என்பதும் தெரியும். நங்கநல்லூரில் அதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறார்.

குழுவில் நான்கு பேர். தலைவி ரோஸ்மேரி, உயர்நிலைப் பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மேல்குரல் அவருடையது, மெட்டும் அவருடையது. ஆண்குரல்களில் ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். இவர்கள் இரண்டு பேரும் அடியிலிருந்து தாங்க, ரோஸ்மேரி மேலே பாட, நடுவில் ஆல்டோ. நடுவில் என்ன பாடுவது என்றால், மெட்டைத் தவிர வேறு எதுவும். விசாலாக்ஷிக்கு அதைப் புரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. நம் ஊரில் எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். வேறு எதையோ பாடினால் அதற்கு அபஸ்வரம் என்று பெயர். இங்கே அதற்குச் சம்பளம்.

மேற்கத்திய இசைக் குறிப்பை அவருக்கு வாசிக்க வராது. அதனால் மகள் அஞ்சனாவின் பியானோவில் ஒவ்வொரு வரியையும் தட்டித் தட்டி, கோடு போட்ட நோட்டில் ஸரிகமவாக எழுதிக்கொண்டார். முப்பது பாட்டு. ரோஸ்மேரி அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சமையல் குறிப்பா என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார் விசாலாக்ஷி.

வீட்டில் சாதகம் நடந்தது. சமையலறையில் அவர் பாட, கணவர் ஸ்ரீநிவாசன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன பாட்டு இது?"

"உங்களுக்குத் தெரிஞ்சதுதான். மால்ல போட்டுண்டே இருப்பானே, அது."

"அதுவா? அது இப்படிப் போகாதே."

"ஆல்டோ இப்படித்தான் போகும்."

"ஒரே எடத்துல நின்னுண்டிருக்கு. எங்கயும் போகவே இல்லையே."

மாடியிலிருந்து அஞ்சனாவின் குரல் வந்தது. "அம்மா, தட்ஸ் நாட் ஈவன் எ சாங்."

"எனக்குப் புரியறது, ஆனா ஒங்க ரெண்டு பேருக்கும் புரியலை," என்றார் விசாலாக்ஷி, பருப்பை இறக்கிவைத்துவிட்டு. அது முழு உண்மை இல்லை. அந்தப் பாட்டில் அவருடைய வரி பஞ்சமத்திலேயே பதினோரு தடவை நின்றது. பன்னிரண்டாவது தடவை அரை ஸ்வரம் இறங்கி, செய்யக்கூடாததைச் செய்துவிட்டதுபோல உடனே பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. பதினான்கு வருஷப் படிப்புக்கு இது ஒரு பதில்.

ஆனாலும் நால்வரும் சேர்ந்து பாடிய முதல் நாள் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த அசையாத பஞ்சமத்தின் மேல் மற்ற மூன்று குரலும் வந்து உட்கார்ந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக, மூன்று பேர் அவர் பாடுவதைக் கேட்டார்கள். கேட்காவிட்டால் அவர்களால் பாட முடியாது என்பதுதான் காரணம். காரணம் எதுவானால் என்ன?

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நிரந்தர உறுப்பினர்கள் தங்கள் உடையை வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். புதியவர்கள் ரோஸ்மேரியின் வேனில் உடுத்திக்கொண்டு, பாடி முடித்ததும் அதே வேனில் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். விசாலாக்ஷியும் ஒவ்வொரு முறையும் தொப்பி, மேலங்கி எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, ஸ்வெட்டரும் ஜீன்ஸுமாக ரூட் 46-இல் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருவார்.

தவறு நடந்தது ஒரு கடைத்தெருவில், கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்கேற்றும் விழாவில். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்று. கூட்டமும் சேர்ந்து பாடிவிட்டது. காதில் மெட்டு விழுந்ததும் விசாலாக்ஷியின் வாய் மெட்டுக்குப் போய்விட்டது, அழகான ஒரு கமகத்தோடு. நான்கு கால் நாற்காலியில் ஒரு கால் போனதுபோல ஆயிற்று. இரண்டாவது முறை முதியோர் இல்லம் ஒன்றில். சக்கர நாற்காலிகளில் இருந்தவர்கள் பாட ஆரம்பித்தார்கள், அவரும் போய்விட்டார். சிறு வயதிலிருந்து பழகிய விசுவாசம் அது. நாலு பேர் எங்கே பாடுகிறார்களோ அங்கே போய்ச் சேர்ந்துகொள்வது.

ரோஸ்மேரி கோபித்துக்கொள்ளவில்லை. வேனில் தொப்பியை வாங்கிக்கொண்டு பொறுமையாகவே சொன்னார். போன வருஷத்து ஆல்டோ பிரசவம் முடிந்து திரும்பி வரத் தயாராக இருக்கிறாள். இருபதாம் தேதியோடு சீசன் முடிகிறது. அன்றைக்கு உன் வரியில் நீ நின்றால் அடுத்த வருஷமும் இடம் உன்னுடையது. இல்லையென்றால், உன்னோடு பாடியதில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

அந்தக் கடைசி வாக்கியத்தின் மரியாதைதான் விசாலாக்ஷியை இரண்டு நாள் தூங்கவிடாமல் செய்தது.

இருபதாம் தேதி சனிக்கிழமை, மாலை நான்கு மணி, பார்சிப்பனியில் ஒரு டாக்டர் வீட்டு விருந்து. டாக்டரின் பெயர் கிட்டுசாமி என்று வேனில் வைத்துத்தான் சொன்னார்கள். விசாலாக்ஷி தொப்பியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

கதவைத் திறந்தால் வாசலில் நாற்பது ஜோடிச் செருப்பு. ஒப்பந்தப்படி, பாடகர்கள் எந்த நிலையிலும் வேஷத்தைக் கலைக்கக் கூடாது. ரோஸ்மேரி அந்தச் செருப்புக் குவியலைப் பார்த்தார், வெள்ளைக் கம்பளத்தைப் பார்த்தார், திரும்பி விசாலாக்ஷியைப் பார்த்தார். விசாலாக்ஷி ஏற்கெனவே ஒரு பூட்ஸைக் கழற்றியிருந்தார். ஆளுக்கு முப்பது துளை; நான்கு பேரும் கயிறு அவிழ்த்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. பேருந்து ஓட்டுநரின் காலுறையில் கலைமான் படம் போட்டிருந்தது. பல் டாக்டரின் காலுறையில் பெருவிரல் தெரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு கணுக்காலோடு நின்றுபோயிற்று.

முதல் இரண்டு பாட்டுக்கு எல்லோரும் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருந்தார்கள். மூன்றாவதாக அந்தப் பஞ்சமப் பாட்டை ரோஸ்மேரி எடுத்ததுமே சோபாவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அட, இது எங்க ஸ்கூல் பாட்டுன்னா."

காமாக்ஷி ஆன்ட்டி. தமிழ் மன்றத்தின் விழாச் செயலாளர். கடவுள் வாழ்த்துக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்குகிறவர் அவர்தான். சென்னையில் கான்வென்ட்டில் படித்தவர். பார்க்கப்போனால் அந்த ஹாலில் பாதிப் பேர் கான்வென்ட். நெற்றியில் விபூதியோடு பள்ளிக்கூடம் போய், வருஷா வருஷம் டிசம்பரில் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு தேவதையாக நின்றவர்கள். வார்த்தைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தன, ரோஸ்மேரி எப்போதும் விட்டுவிடும் நான்காவது சரணம் உட்பட.

நாற்பது பேரும் பாடினார்கள். மெட்டை மட்டும், முழுத் தொண்டையில். மூன்று எண்ணிக்கையில் போகும் அந்தப் பாட்டுக்கு யாரோ ஆதி தாளம் போட ஆரம்பித்தார்கள். இன்னும் சிலர் பக்தியின் காரணமாக வேகத்தைக் குறைத்தார்கள்.

விசாலாக்ஷி உரோம உறைக்குள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பஞ்சமம் ஒன்று, பஞ்சமம் இரண்டு. அப்போது காமாக்ஷி ஆன்ட்டி எழுந்து அருகில் வந்து, தொப்பிக்குள் குனிந்து பார்த்தார்.

"விசாலி, நீயா இது?"

பாடிக்கொண்டிருந்த விசாலாக்ஷி கண்ணால் ஆமாம் என்றார். ஆன்ட்டி கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டார். அவர் முகத்தில் கவலை படர்ந்தது.

"என்னடி, எங்கயோ பாடிண்டிருக்கே. பயப்படாதே. நான் எடுத்துக் குடுக்கறேன், பிடிச்சுக்கோ."

சொன்னதோடு நிற்கவில்லை. விசாலாக்ஷியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இடது காதில் வாயை வைத்து, மெட்டை ஸ்வரம் ஸ்வரமாக ஊட்ட ஆரம்பித்தார். கச்சேரியில் வரி மறந்த பாடகிக்குப் பின்னாலிருப்பவர் எடுத்துக் கொடுப்பார் இல்லையா, அந்தக் கருணை. அது எவ்வளவு பெரிய உதவி என்பது தெரிந்த ஒருவருக்குத்தான், அதை மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரியும். இந்தப் பக்கம் ரோஸ்மேரி நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினார்.

வாய் போகப் பார்த்தது. அரை ஸ்வரம் எழும்பிக்கூட விட்டது. அப்போது விசாலாக்ஷிக்கு நினைவு வந்தது கலாபூர்வமான எதுவும் அல்ல. வீட்டு அலமாரியில் இருக்கும் சுருதிப் பெட்டி. இருபத்திரண்டு வருஷமாக, அவர் நன்றாகப் பாடினாலும் மோசமாகப் பாடினாலும், குக்கர் விசில் அடித்தாலும், ஸ்ரீநிவாசன் கான்ஃபரன்ஸ் காலில் கத்தினாலும் அது தன் பாட்டுக்கு அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அது என்றைக்காவது மெட்டுக்குப் போக ஆசைப்பட்டதா? கண்ணை மூடிக்கொண்டு பெட்டியானார். பஞ்சமம் ஏழு, பஞ்சமம் எட்டு. பன்னிரண்டாவதில் அரை ஸ்வரம் இறங்கித் திரும்பி வந்தார். நான்காவது சரணத்தையும் அப்படியே கடந்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும், விருந்தாளிகள் தட்டெடுக்கப் போனார்கள். காமாக்ஷி ஆன்ட்டி மட்டும் அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"தப்பா எடுத்துக்காதே, விசாலி. அவா மூணு பேரும் நன்னாத்தான் பாடறா. நீ மட்டும் தனியாத் தெரியறே."

"தெரிஞ்சுதா, ஆன்ட்டி?"

"நன்னாவே தெரிஞ்சுது. நான் அவ்வளவு எடுத்துக் குடுத்தும் உனக்குப் பிடிபடலையே. ஆஃபீஸ் டென்ஷன், இந்த வயசு, எல்லாம் இருக்கும்தான். பொங்கலுக்கு ப்ரேயரை அந்தச் சின்னப் பொண்ணு தீக்ஷாகிட்ட குடுத்துடறேன். நீ கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துண்டு, மெதுவா ப்ராக்டிஸ் பண்ணு. வந்துடும்."

இருபத்திரண்டு வருஷத்துக் கடவுள் வாழ்த்து அப்படிப் போயிற்று. விளக்கியிருக்கலாம். அதற்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

"சரி ஆன்ட்டி," என்றார் விசாலாக்ஷி.

வாசலில் நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்து கயிறு கோத்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று ரோஸ்மேரி கேட்டார். எல்லோரும் ஒன்றைப் பாட, நான் மட்டும் வேறு ஏதோ பாடினேனாம், எவ்வளவு உதவியும் பலிக்கவில்லையாம் என்றார் விசாலாக்ஷி. பல் டாக்டர் சிரித்தார். ரோஸ்மேரி சிரிக்கவில்லை. எட்டாவது துளையில் கயிற்றை இழுத்து முடிந்துவிட்டு, "ஆமாம், நீ பாடியதை நானும் கேட்டேன்," என்று மட்டும் சொன்னார்.

வேனருகே போய் விசாலாக்ஷி தொப்பியின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். ரோஸ்மேரி பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"அது உன்னிடமே இருக்கட்டும். அக்டோபரில் ஒத்திகைக்குப் போட்டுக்கொண்டு வா. பூச்சி உருண்டை வைக்காதே, வெல்வெட்டில் வாசனை ஏறிவிடும்."

விசாலாக்ஷி அன்றைக்கு முழு வேஷத்தோடு கார் ஓட்டிக்கொண்டு வந்தார். சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரிலிருந்த ஒரு தமிழ்க் குடும்பம் அவரைப் பார்த்தது. அவர்கள் தமிழர்கள் என்பது டாஷ்போர்டுப் பிள்ளையாரில் தெரிந்தது. அவர் தலையை அசைத்தார். அவர்கள் அவசரமாக முன்னால் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது, சமையலறையில் ஸ்ரீநிவாசன் பாத்திரம் துலக்கிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தத்தில் முதலில் பிடிபடவில்லை. விசாலாக்ஷி மேலங்கியோடு அப்படியே நின்று கேட்டார். ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்த ஒன்று, ஒரு தடவை மட்டும் அரை ஸ்வரம் இறங்கித் திரும்பி வந்தது.

"என்ன பாட்டு அது?" என்றார்.

ஸ்ரீநிவாசன் திரும்பி அந்தத் தொப்பியைப் பார்த்தார், பாவாடையைப் பார்த்தார். "மால்ல போடுவானே, அதுதான். நேத்து ஆஃபீஸ் பார்ட்டில எல்லாரும் சேர்ந்து பாடினோம்." தட்டைக் கவிழ்த்து வைத்தார். "அங்க ஒருத்தனுக்கும் ட்யூனே தெரியலை."