பெங்களூரில் ஒரு விலாசம்

ராய்ச்சூர் பருத்திச் சந்தையின் வடக்கு வாசலில் லாரி எடை மேடை இருக்கிறது. அதன் கண்ணாடி அறைக்குள் நடுவில் சில மாதம் தவிர, பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவன் துருகப்பா. நான் எதிரே உள்ள தரகு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். லாரி வராத நேரத்தில் அவன் என் மேசைக்கு வருவான், இல்லையென்றால் நான் மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு அவன் அறைக்குப் போவேன்.

யார் சொல்வதையும் அவன் அப்படியே எடுத்துக்கொள்ளமாட்டான். "தொண்ணூறு குவிண்டாலுக்கு மேல இருக்காதுப்பா" என்று டிரைவர் சொன்னால், "இருக்காதுன்னா நல்லது, ஏத்து பார்ப்போம்" என்பான். டிரைவர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. அவனுக்கு அது தெரியும். சிரித்துக்கொள்வான்.

அவன் மகள் சிருஷ்டிக்கு நாலு வயது நெருங்கும்போதுதான் காது கேட்காது என்பது உறுதியானது. அதுவரை "நேரங்கழிச்சுப் பேசுவா, அவங்க அத்தையும் அப்படித்தான்" என்று வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பரிசோதனைகளுக்கு அலைந்ததில் அவன் மனைவி ஹுலிகெம்மாவின் கம்மலும் வளையலும் போயின. கடைசியாக பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில், காதுக்குள் கருவி வைத்தால் கேட்கும், அரசாங்கத் திட்டத்தில் காசு வேண்டாம் என்றார்கள். ஆறு வயதுக்குள் வைக்க வேண்டும். எவ்வளவு முன்னால் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

அங்கே இருந்த ஆலோசகர் அம்மா விஷயத்தை மறைக்காமல் சொன்னார். "கருவி வெச்சதும் பேசிடும்னு நெனைக்காதீங்க. வாரத்துக்கு மூணு நாள் பயிற்சிக்கு வரணும். ஒரு வருஷம். ராய்ச்சூர்லேருந்து வந்து போறது ஆகாத காரியம். இங்க ஒரு வீடு பாருங்க, விலாசத்தோட வாங்க, பட்டியல்ல பேர் ஏத்திடுறேன்."

கருவிக்குக் காசு வேண்டாம், பயிற்சிக்கும் வேண்டாம், வீட்டுக்குத்தான் வேண்டும் என்று ஆனது.

அது 2021 ஆகஸ்ட். திரும்பி வந்த மறுநாளே துருகப்பா ஒரு எடைச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தான். முதலில் செல்போனில் விளம்பரங்களைப் பார்த்தான். ஒரு அறை, சமையலறை, நாலாயிரத்து ஐந்நூறு என்று போட்டிருந்தது. அதை அவன் நம்பவில்லை.

"வீட்டுக்காரன் சொல்றது ஒரு கணக்கு அண்ணா. குடியிருக்குறவன் குடுக்குறது வேற கணக்கு. குடியிருக்குறவனத்தான் கேக்கணும்."

அப்படிக் கேட்பதற்கு காஜாவலி இருந்தான். எங்கள் ஊர் கொத்தனார், பெங்களூர் சுங்கதகட்டே பக்கம் ஏழு வருடமாகக் குடியிருப்பவன். துருகப்பா அவனைப் போனில் குடைந்து எடுத்தான். அட்வான்ஸ் எத்தனை மாதம்? காலி பண்ணும்போது அதில் எவ்வளவு பிடிப்பார்கள்? தண்ணீருக்குத் தனியா? கரண்ட் யூனிட்டுக்கு இவ்வளவு என்றா, மொத்தமாகவா? தரகனுக்கு?

"யோவ், நீ வீடு பாக்குறியா, இல்ல என் மேல கேஸ் போடப் போறியா?" என்று காஜாவலி கத்தியது எனக்கே கேட்டது.

ஆனால் எல்லாவற்றையும் சொன்னான். வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு. அட்வான்ஸ் ஐம்பதாயிரம். போகும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். தரகனுக்கு ஒரு மாதம். கோடையில் தண்ணீர் வண்டிக்குத் தனி. துருகப்பா அதோடு சாமான் ஏற்றும் வண்டி, புது வேலை கிடைக்கும்வரை இரண்டு மாதச் சாப்பாடு, ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று நாள் பஸ் எல்லாம் சேர்த்தான். எண்பத்தைந்தாயிரம் வந்தது. கையில் முப்பத்திரண்டாயிரம் இருந்தது. சம்பளம் பதின்மூன்றாயிரம்.

நான் அந்தச் சீட்டைப் பார்த்தேன். எங்கள் மண்டி கணக்கில்கூட நான் அவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை. குறைத்தும் போடவில்லை, கூட்டியும் போடவில்லை.

"கடன் வாங்கிப் போயிடேன்" என்றேன்.

"அங்க போனா பதினாறாயிரம் சம்பளம் கெடைக்கும் அண்ணா. வாடகை, தண்ணி, பஸ் போக ஏழாயிரம் நிக்கும். அதுல மூணு வயிறு. வட்டி எங்கேருந்து கட்டுவேன்? மூணாவது மாசம் ரோட்டுல நிப்போம். பாதில விட்டா அந்தக் கருவி வெச்சும் வீண்."

அவன் சொன்னதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

பத்து மாதம் சேர்த்தான். ராத்திரி ஷிஃப்டும் பார்த்தான், ஹுலிகெம்மா பருத்தி ஜின்னிங் மில்லுக்கு விதை பொறுக்கப் போனாள். அடுத்த ஜூனில் எண்பத்தெட்டாயிரம் சேர்ந்தது. காஜாவலிக்குப் போன் செய்தான்.

"எந்த உலகத்துலடா இருக்க? கம்பெனியெல்லாம் தொறந்துட்டான், கொரோனாவுல ஊருக்குப் போன சனமெல்லாம் திரும்பி வந்துட்டாங்க. நீ சொல்ற வீடு இப்ப ஏழாயிரத்து ஐந்நூறு. எழுபத்தஞ்சு அட்வான்ஸ் கேக்குறான்."

துருகப்பா புதுச் சீட்டு எடுத்தான். இந்த முறை ஒரு லட்சத்து இருபதாயிரம். முப்பத்திரண்டாயிரம் குறைந்தது. முதல் முறை கையில் இருந்த தொகை இப்போது பற்றாக்குறைத் தொகையாக நின்றது. அதை அவனே என்னிடம் காட்டிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி எட்டு மாதம். 2023 பிப்ரவரியில் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் இருந்தது. வாடகை ஒன்பதாயிரம் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அவன் பேனாவைத் தேடினான். ஹுலிகெம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் கை மாவோடு வந்து அந்தச் சீட்டைப் பிடுங்கினாள்.

"இன்னும் என்னத்த எழுதப் போற? வாடகை ஒரு இடத்துல நிக்கட்டும்னு பாத்துக்கிட்டே இருக்க. இவ நிக்கிறாளா? அஞ்சரை வயசாச்சு."

"பத்தாது ஹுலிகி. நான் சொல்றத..."

"பத்தாதுன்னு எனக்கும் தெரியும். என்னைக்கும் பத்தாது. அண்ணா, நீங்களே சொல்லுங்க, என்னைக்காவது பத்துமா?"

சிருஷ்டி எங்கள் மூன்று பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே கிளம்பினார்கள். முதலில் பார்த்த இரண்டு வீட்டிலும் அட்வான்ஸ் பேசும் வரைக்கும் சரியாக வந்து, பிறகு மாட்டேன் என்றார்கள். தன் குரல் தனக்கே கேட்காததால் சிருஷ்டிக்குச் சத்தமாகத்தான் கூப்பிடத் தெரியும். அதைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் முகம் மாறிவிடும். மூன்றாவதாகப் புட்டதாயம்மா என்ற ஒரு அம்மாள் மொட்டைமாடியில் ஷீட் போட்ட அறையைக் கொடுத்தாள். ஒன்பதாயிரம், எண்பதாயிரம் அட்வான்ஸ். கீழே அவள், பக்கவாதத்தில் படுத்த அவள் கணவர்.

"நீங்க பேசுறதே சண்டை போடுற மாதிரி இருக்கே. உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா?" என்று புட்டதாயம்மா கேட்டாளாம்.

"எங்க ஊர்ச் சண்டையக் கேட்டா நீங்க வீட்டையே காலி பண்ணிடுவீங்கக்கா" என்றாளாம் ஹுலிகெம்மா. இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். அந்த ஒரு நாளை ஹுலிகெம்மா இன்னும் சொல்வாள்.

துருகப்பாவுக்கு பீன்யாவில் ஒரு இரும்பு யார்டின் எடை மேடையில் வேலை கிடைத்தது. பதினைந்தாயிரத்து ஐந்நூறு. அவன் கணக்கில் எழுதியிருந்ததற்கு ஐந்நூறுதான் குறைவு.

விலாசத்தோடு போனபோது ஆலோசகர் அம்மா வயதைப் பார்த்துவிட்டு, முதல் முறை வந்த தேதியையும் பார்த்தார். "அப்பவே வந்திருக்கலாமே" என்றார். பிறகு, "வெக்கிறோம். சத்தம் கேக்கும். பேச்சு வரும்னு நான் எழுதித் தரமாட்டேன். இனி எல்லாம் பயிற்சியிலதான் இருக்கு. வீட்டுலயும் விடாம பண்ணணும்."

மே மாதம் கருவி வைத்தார்கள். ஜூனில் அதை முடுக்கினார்கள். முதல் சத்தம் கேட்டதும் குழந்தை சிரிக்கும் என்று ஹுலிகெம்மா எதிர்பார்த்திருந்தாள். சிருஷ்டி வீறிட்டு அழுதாள். ஐந்தே முக்கால் வருடம் அமைதியில் இருந்த குழந்தை, தட்டு விழுந்தால் அழுதாள், குக்கர் விசில் அடித்தால் அழுதாள். கருவியைப் பிடுங்கி எறிந்தாள். அம்மா மறுபடி மாட்டிவிடுவாள்.

வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியெல்லாம் சத்தம்தான். முதுகுக்குப் பின்னால் தட்டை அடிக்க வேண்டும், திரும்புகிறாளா பார்க்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஒரே சொல்லை நூறு தடவை. "தண்ணீ. தண்ணீ. தண்ணீ." காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம்.

ஷீட் கூரை அத்தனை சத்தத்தையும் கீழ்வீட்டுக்கு இறக்கியது.

புட்டதாயம்மா கெட்டவள் இல்லை. இரண்டு மாதம் பொறுத்தாள். ஒருநாள் மாடி ஏறி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் புரியுதும்மா. ஆனா அவர் ஒவ்வொரு தட்டுக்கும் தூக்கி வாரிப் போட்டு முழிக்கிறார். நேத்து படுக்கையிலயே ஒண்ணுக்குப் போயிட்டார். நான் ஒண்டி ஆளு. மெதுவா பண்ணக் கூடாதா?"

"மெதுவா பண்ணா அவளுக்குக் கேக்காதுக்கா."

"அப்ப நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

ஹுலிகெம்மா சிருஷ்டியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி செய்து பார்த்தாள். வண்டிச் சத்தத்தில் எதுவும் பிரியவில்லை. அக்டோபரில் புட்டதாயம்மா காலி பண்ணச் சொன்னாள். பெயின்ட்டுக்கு ஒன்பதாயிரம், பாக்கி கரண்ட் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் எண்ணிக் கொடுத்தாள். சிருஷ்டிக்கு ஒரு கவுனும் வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த வீட்டுக்கு அந்தப் பக்கமெல்லாம் பதினோராயிரம், ஒரு லட்சம் அட்வான்ஸ். கையில் எழுபத்து நாலாயிரம். நகரத்துக்கு வெளியே தள்ளிப் போனால் ஆறாயிரத்து ஐந்நூறுக்குக் கிடைத்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கோ யார்டுக்கோ போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஒரு மாதம் அப்படிப் போய்ப் பார்த்தார்கள். ஹுலிகெம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, துருகப்பாவுக்கு வேலை போனது. நேரத்துக்கு வராதவனை யார் வைத்துக்கொள்வார்கள்?

டிசம்பரில் திரும்பி வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பயிற்சிக்கு ஆள் இல்லை. கருவியின் ஒயர் ஒன்று போய், மாற்ற நாலாயிரம் என்றார்கள். ஒருமுறை மாற்றினான். இரண்டாவது முறை போனபோது மாற்றவில்லை.

பழைய முதலாளியே அவனை மறுபடி சேர்த்துக்கொண்டார். ஆயிரம் குறைத்து.

போன வருடம் சிருஷ்டியைக் காது கேளாதவர்களுக்கான விடுதிப் பள்ளியில் விட்டார்கள். தீபாவளிக்கு வந்திருந்தாள். கையாலேயே படபடவென்று பேசினாள். ஹுலிகெம்மாவுக்கு அதில் பாதிதான் புரிகிறது. மகள் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். சிருஷ்டி ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாப்பிட்டு முடித்தபின் நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"துருகப்பா, அந்த முதல் வருஷமே எதையும் பாக்காம போயிருந்தா?"

அவன் உடனே பதில் சொன்னான். பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருப்பான் போல.

"அன்னைக்குக் கையில முப்பத்திரண்டாயிரம் அண்ணா. அட்வான்ஸுக்கே பதினெட்டு கொறையுது. எப்படிப் போறது? இல்ல. அன்னைக்கும் முடியாது. நான் போட்டது சரிதான்."

எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த ஹுலிகெம்மா நின்றாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று நான் நினைத்தேன், அவனும் நினைத்தான்.

"அண்ணாவுக்கு மோர் வேணுமான்னு கேளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.